வழி நான்கு, டிஸ்க் ஒன்று

சீடன்: குருவே, சேமிப்பகத்தில் நமக்கு ஒதுக்கியது ஒரே லன். லினக்ஸோ எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நான்கு டிஸ்க் காட்டுகிறது. எது மெய்?

குரு: நான்கும் வழிகளே. சர்வரில் இரண்டு ஃபைபர் சேனல் போர்ட், சேமிப்பகத்தில் இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொரு போர்ட்டும் இரு கன்ட்ரோலரையும் எட்டுவதால் நான்கு வழி. குளம் ஒன்று, படித்துறை நான்கு. கர்னல் ஒவ்வொரு படித்துறையையும் தனிக் குளமாக எண்ணிப் பெயரிடுகிறது. மல்டிபாத் என்ற கருவி நான்கிடமும் டபிள்யூடபிள்யூஐடி என்ற அடையாளத்தைக் கேட்கிறது. விடை ஒன்றாக இருப்பதால், டிவைஸ் மேப்பரின் துணையுடன் நான்கையும் சேர்த்து எம்பாத்-ஏ என்ற ஒரே சாதனத்தை எழுப்புகிறது.

சீடன்: அப்படியானால் எஸ்டிபியிலேயே பார்ட்டிஷன் போட்டால் என்ன பிழை? எந்தப் படித்துறையில் இறங்கினாலும் தண்ணீர் ஒன்றுதானே?

குரு: வலுவான கேள்வி. இதை அரைகுறையாக விட்டால் பிறகு டேட்டாவை இழப்பாய். தண்ணீர் ஒன்று என்பது உண்மை. நீ எழுதிய அட்டவணை அந்த ஒரே டிஸ்கில்தான் விழுகிறது. ஆனால் கர்னல் ஒவ்வொரு முறையும் டிஸ்கைப் பார்த்துப் பேசுவதில்லை. முன்பு படித்த அட்டவணையை, சாதனத்துக்குச் சாதனம் தனித்தனியாக, நினைவில் வைத்திருக்கிறது. எஸ்டிபி வழியாக எழுதினால், அதிகம் போனால் எஸ்டிபியின் நினைவு புதுப்பிக்கப்படும். எஸ்டிசிக்கும் எம்பாத்-ஏவுக்கும் செய்தி போகாது. பேஜ் கேச் எனும் பக்கத் தேக்ககமும் சாதனத்துக்கு ஒன்று; எம்பாத்-ஏ வழியாகப் படிப்பவனுக்குப் பழைய செக்டரே கிடைக்கக்கூடும். எழுத்து ஒன்று, நினைவு பல. ஆபத்து முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இன்னும் கேள். மல்டிபாத் எழும் முன்பே எஸ்டிபி-1ஐ மவுண்ட் செய்துவிட்டால், சாதனம் பயன்பாட்டில் இருப்பதால் எம்பாத்-ஏ உருவாகாமல் போகலாம். பிறகு அந்த வழி அறுந்தால், மூன்று படித்துறை திறந்திருந்தும் ஃபைல் சிஸ்டம் ஒற்றைப் படித்துறையில் நின்று பிழை சொல்லும். எஸ்டிபி என்ற பெயரும் நிலையானதன்று. சாதனங்கள் கண்ணில் பட்ட வரிசையில் வந்தது, ரீபூட்டில் மாறலாம். டபிள்யூடபிள்யூஐடி வழியைச் சார்ந்ததன்று, லன்னைச் சார்ந்தது, அதனால் மாறாது.

ஆகவே பார்ட்டெட் கருவியை எம்பாத்-ஏ மீதே ஓட்டு. 512 பைட் செக்டரில் எம்பிஆர் அட்டவணை 2 டெபிபைட்டுக்கு மேல் எட்டாது, ஜிபிடி போடு. முதல் பார்ட்டிஷனை 1 மெபிபைட்டில் தொடங்கு. எஃப்டிஸ்க் பயன்படுத்தினால், அட்டவணையை மீண்டும் படிக்க முடியவில்லை என்று பிழை 22 வரலாம். அஞ்சாதே, எழுத்து விழுந்துவிட்டது. டிவைஸ் மேப்பர் சாதனத்துக்குள் கர்னல் தானாகப் பார்ட்டிஷன் உண்டாக்குவதில்லை. அதற்குத்தான் கேபார்ட்எக்ஸ்: அட்டவணையைப் படித்து, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனி மேப்பிங் போடுகிறது. டிஸ்ட்ரோவைப் பொறுத்து அது எம்பாத்-ஏ-1 என்றோ, நடுவே 'பார்ட்' என்ற சொல்லோடோ தெரியும்.

சீடன்: எல்விஎம் வைத்தால்?

குரு: பிவியை எம்பாத்-ஏ மீது உருவாக்கு; வழிகளான எஸ்டி சாதனங்களை ஃபில்டரால் விலக்கு.

சீடன்: நான்கு வழியும் ஒருசேர அறுந்தால்?

குரு: காத்திருப்பதா, பிழை சொல்வதா என்பதை நோ-பாத்-ரீட்ரை தீர்மானிக்கும். அது வேறு பாடம். இன்று ஒன்றை உறுதியாகப் பற்று: எழுதும் முன் மல்டிபாத் பட்டியலை எடுத்து, டபிள்யூடபிள்யூஐடியைச் சேமிப்பகத்தில் உள்ள லன்னோடு ஒப்பிடு. ஒத்துப்போகாதவரை எந்தக் கட்டளையும் அடிக்காதே.