எழுதாத கைக்கும் புண்ணியம் உண்டா?

விழுப்புரம் மாவட்டத்தில்தான் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த மேல்சித்தாமூர் இருக்கிறது. உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் சேர்த்து நான்கு தானங்களைச் சமணம் இல்லறத்தாருக்கு வகுத்தது. ஓலையைப் பூச்சி அரிக்கும். படியெடுக்காத நூல் அழியும். ஆகவே நூலைப் படியெடுத்துக் கொடுப்பது சோறிடுவதற்கு நிகரான அறமாயிற்று. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்துக்கு 1000 படிகள் எழுதுவித்தார். எழுத்தாணி பிடித்தவர்கள் வேறு யாரோ. தானத்தின் பெருமையை மரபு அவருக்கே தந்தது. அப்படியானால், ஒரு மளிகைக் கடையின் கடன் கணக்கை இரவில் ஒரு கணினி ஸ்கிரிப்ட் தானே ஓடி நகலெடுக்கும்போது, அதை ஏற்பாடு செய்தவர் தம் கடமையைச் செய்தவர் ஆவாரா?

புனித நூலையும் மளிகைக் கடன் கணக்கையும் ஒன்றாக வைப்பதா என்று கேட்கலாம். ஏழை ஒருவர் கட்டிய 500 ரூபாய்க்கான பதிவு தொலைந்தால் அவர் மறுபடி கட்ட நேரும். அதுவும் ஓர் உயிருக்குச் செய்யும் தீங்குதான். இன்னொரு மறுப்பு கனமானது: எழுதுபவருக்கு மனம் உண்டு, ஸ்கிரிப்டுக்கு ஏது? ஆனால் ஏடெழுதியவர்களும் பொருள் புரியாமல் எழுதியது உண்டு. உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு, கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயம் தெளிந்த பிறகே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுக்கு உயிர் வந்தது அந்த வாசிப்பில்தான். கணினி நகலுக்கும் அப்படி ஒரு வாசிப்பு வேண்டும். கடைக் கணக்கை வைக்க உதவும், 2000இல் வெளிவந்த எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளம் முழுவதும் பெரும்பாலும் ஒரே கோப்பில் அடங்கும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை வெறுமனே காப்பி எடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாகச் சிதைந்த நகல் கிடைக்கலாம். அதைத் தவிர்க்கவே பேக்கப் கட்டளை தனியாக உண்டு. தவறான முறையில் எடுத்த நகலுக்கும் ஸ்கிரிப்ட் ‘முடிந்தது’ என்றே எழுதிவைக்கும். வேறொரு கணினியில் அதை மீட்டு, சோதனைக் கட்டளை ஓட்டி, நேற்றைய வரவு நேற்றைய பில்லோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு மனிதர் பார்க்கும் வரை தானம் முடியவில்லை என்பதே என் துணிபு. எழுதும் வேலையை ஒப்படைக்கலாம், இந்தப் பார்வையை ஒப்படைக்க முடியாது.

உடைமைகள் நிலையாதவை என்று சொல்லும் சமணம் காத்துவைக்கச் சொல்வது முரண் அல்லவா? பிறர் பயனுக்கு வைத்திருப்பது தானம். பற்றோடு தேவைக்கு மேல் குவித்துவைப்பதைத்தான் அபரிக்கிரகம் என்ற விரதம் தடுக்கிறது. ஆகவே ஸ்கிரிப்டில் நகலெடுக்கும் வரியோடு பழையதை நீக்கும் வரியும் வேண்டும். கடன் தீர்த்துப் போய்விட்ட வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், சட்டம் கேட்கும் காலம் கடந்த பிறகு, எந்த நகலிலும் இருக்கக் கூடாது.