பருத்திக் குண்டிகை

கோவை கொடிசியா வளாகத்தில் ஒரு தையல் கண்காட்சி. மூன்றாவது நாள் சாயங்காலம். டெமோ முடித்துவிட்டு, தொண்டை வறண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் நின்று கடைசிவரை பார்த்த ஒரு பெண் மட்டும் நகரவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். சோமனூர்ப் பக்கம், வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஸ்டாலுக்குள் வரும்போது என்னை "அக்கா" என்றவர், டெமோ முடிந்ததும் "டீச்சர்" என்று மாறியிருந்தார். அதை நான் கவனித்தேன். கவனித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

"ஏனுங்க டீச்சர், இந்தக் கட்டரு, பாயி, ஸ்கேலு இதெல்லாம் இல்லாம தைக்க முடியாதுங்களா?"

"முடியாதும்மா" என்றேன்.

பர்ஸிலிருந்து நூறும் ஐம்பதுமாக எண்ணி 2,600 ரூபாய் கொடுத்தார். ஸ்டால் வாடகைக்குக் குறைந்திருந்த தொகை அதோடு நேராகிவிட்டது. ராத்திரி சாமான்களை வேனில் ஏற்றி சூலூர் திரும்பும்போது, நீலாம்பூர் தாண்டுவதற்குள் அந்த ஒரு வார்த்தை உறுத்த ஆரம்பித்துவிட்டது.

ஏனென்றால், முடியும். குவில்ட் என்பது மூன்று அடுக்குதான். மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு பரப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் முடிந்தது. என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், பிஞ்சுபோன நூல் சேலை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கோணி ஊசியை விடக் கொஞ்சம் சின்ன ஊசியால் தைத்துத் துப்பட்டி செய்வார். நாங்கள் ஆறு பேரப்பிள்ளைகளும் அதில்தான் படுத்தோம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. வங்காளத்தில் அதையே காந்தா என்கிறார்கள், மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்று தைக்கிறார்கள். நான் ஸ்டாலில் விற்கிற வட்டக்கத்தி இருக்கிறதே, ரோட்டரி கட்டர், அதை ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்ததே 1979இல்தான். அதற்கு முன் உலகத்தில் தைத்த அத்தனை குவில்ட்டும் கத்தரியிலும் அட்டையிலும் தைத்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்குத் தைத்தவை 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. இதையெல்லாம் வகுப்பில் நானே ரொம்ப உருக்கமாகச் சொல்வேன். சொல்லிவிட்டு, வாசல் பக்கம் கட்டரை நீட்டுவேன்.

(புதுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுப் போடுகிற இந்தத் தொழிலே கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். அமுச்சி இருந்திருந்தால் சிரிப்பார்.)

என் பக்கம் ஞாயமே இல்லையா என்றால், இருக்கிறது. கத்தரியில் வெட்டினால் அளவு பிசகும். ஒரு தையலுக்கு ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தப்பினால் போதும், எட்டுத் தையல் தாண்டும்போது அரை இஞ்ச் போய்விடும். மூலைகள் சேராது. புதிதாகக் கற்கிறவர் அதைப் பார்த்து "எனக்கு வராது" என்று விட்டுவிடுவார். கட்டர் இருந்தால் முதல் துண்டே நன்றாக வரும். ஆகவே "அது இருந்தால் சுலபம்" என்பது உண்மை. நான் சொன்னது அதுவல்ல. "சுலபம்" என்ற இடத்தில் "முடியாது" என்று வைத்தேன். வித்தியாசம் 2,600 ரூபாய்.

கடைக்காரர் சொல்கிற பொய் ஒன்றும் புதிதில்லை. சாயம் போகாது என்று துணிக்கடையில் சொன்னால் நாம் எல்லாரும் மனதுக்குள் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்கிறோம். விற்கிறவரைப் பார்த்தாலே நமக்குள் ஒரு காவல் எழுந்து நிற்கும். டீச்சர் முன்னால் அந்தக் காவல் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்தால்தான் கற்க முடியும். நான் செய்தது, டீச்சராக நின்று அந்தக் காவலை உட்காரவைத்து, கடைக்காரியாகக் கல்லாவைத் திறந்தது. கிளினிக்குக்குள்ளேயே மெடிக்கல் வைத்திருக்கிற டாக்டர் மருந்து எழுதும்போது நமக்கு ஒரு சந்தேகம் வருமே, அந்தச் சந்தேகம் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. அவருக்கு வராததைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அப்படியானால் டீச்சர் மட்டுமாக இருந்துவிட்டுப் போ என்பீர்கள். இருந்து பார்த்தேன். சூலூரில் வீட்டு மாடியில் வகுப்பு, பக்கத்தில் தறிச் சத்தம், இரண்டு நாளுக்கு 800 ரூபாய். "துணி உங்களுதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. துணி உங்களுடையதுதான் என்றதும், "அப்புறம் எதுக்குங்க எண்ணூறு?" அதே ஆள் 900 ரூபாய் கட்டரைப் பேரம் பேசாமல் வாங்குவார். கையில் பிடிக்கிற பொருளுக்குக் காசு கொடுப்போம். சொல்லிக் கொடுப்பதற்கு, அதுவும் அம்மாவும் பாட்டியும் சும்மா சொல்லிக் கொடுத்த ஒன்றைப் பொம்பளை சொல்லிக் கொடுப்பதற்கு, எதற்குக் காசு? புரோட்டகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர், படித்து முடித்த மாணவரையே படிப்புக்கு மதிப்புப் போடச் சொல்லி அதை வாங்கிக்கொள்வார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். நானும் ஒருமுறை டப்பா வைத்துப் பார்த்தேன். பதினோரு பேர். 340 ரூபாயும் ஒரு பாக்கெட் முறுக்கும் தேறியது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நான்கு உவமை சொல்கிறார்: நிலம், மலை, நிறைகோல், மலர். (பெருந்துறைப் பக்கம் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.) நிறைகோல் என்றால் தராசு. வியாபாரியின் சாமானையே எடுத்து ஆசிரியருக்கு உவமையாக்கியிருக்கிறாரே என்று ஆரம்பத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு சொல்கிறார், அதில் ஒன்று பருத்திக் குண்டிகை. பஞ்சு அடைத்த குடுவை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். பேசிக் வகுப்பு, அதற்கு ஒரு கிட், அடுத்த நிலை, அதற்கு வேறொரு ஸ்கேல், அதற்கடுத்த நிலை. என் பிரசுரத்தை யாரோ எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் படித்துவிட்ட மாதிரி இருந்தது. டீச்சருடைய வேலை ஒரு நாள் தேவைப்படாமல் போவது. கடைக்காரியுடைய வேலை தேவைப்பட்டுக்கொண்டே இருப்பது. இரண்டு பேரும் ஒரே மேஜைக்குப் பின்னால் நிற்கிறோம்.

பிளேட்டோவின் ஓர் உரையாடலில், அதே புரோட்டகோரஸிடம் படிக்கத் துடிக்கிற ஓர் இளைஞனை சாக்ரடீஸ் எச்சரிப்பார். சந்தையில் சாப்பாட்டுச் சாமான் வாங்கினால் பாத்திரத்தில் கொண்டுபோய், விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம். படிப்பை அப்படிப் பாத்திரத்தில் கொண்டுபோக முடியாது. வாங்கின கணமே அது உள்ளே போய்விடும் என்பார். படித்தபோது இது எனக்கு வெறும் சாமர்த்தியமாகத்தான் பட்டது.

அஞ்சு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். "ஒண்ணு முடிச்சுட்டேனுங்க, வந்து பாருங்க டீச்சர்." போனேன். முன்னறையில் காடாத் துணிக் கட்டு, ஓரமாகத் தையல் மெஷின். குவில்ட் உண்மையிலேயே நன்றாக இருந்தது; மூலைகள் சேர்ந்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கல்யாணமாகி வந்த புதுசு, தானும் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதல்ல கட்டரு, பாயி, ஸ்கேலு மூணும் வாங்கோணும் கண்ணு. அது இல்லாம முடியாது. டீச்சரே சொன்னாங்க."

"அவ்வளவு காசுக்கு எங்கக்கா போறது?" என்று அந்தப் பெண் எழுந்தாள்.

ஏமாற்றப்பட்டவர் என்று நான் மனதில் வைத்திருந்தவர், என் பொய்யைப் பாடமாகப் படித்து, ஒரு வார்த்தை மாறாமல், காசு எதுவும் வாங்காமல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அலமாரியில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, நாலரை இஞ்சில் சதுரம் வெட்டினேன். அதைப் பழைய சேலைத் துண்டின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் கத்தரியால் நறுக்கினேன். சுற்றிலும் கால் இஞ்ச் விட்டுத் தை என்றேன். பனியன் வேஸ்ட் வேண்டாம், அது இழுபடும். நூல் சேலை, வேட்டி, பழைய சட்டை இருந்தால் போதும். நடுவில் பஞ்சுக்குப் பதிலாக நைந்த துப்பட்டி. அடித்துணிக்கு இந்தக் காடாவே. அந்தப் பெண் திரும்ப உட்கார்ந்து, ஒன்பது சதுரம் வெட்டினாள். இரண்டு கோணலாக வந்தன.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அன்னிக்கு ஏனுங்க முடியாதுன்னீங்க?"

"வாடகை கட்டோணும்மா" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை. கட்டரைத் திருப்பிக் கொடுங்கள், பணம் தருகிறேன் என்றேன். "வேண்டாங்க, இருக்கட்டும், சுலபமாத்தான் இருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபி கொடுத்தார். வாசல்வரை வந்து, "பார்த்துப் போங்கக்கா" என்றார்.

வைகாசியில் இன்னொரு கண்காட்சி. ஸ்டாலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், கட்டர் 12 ஆர்டர் போட்டாயிற்று. டெமோவைக் கத்தரியில் ஆரம்பிப்பதா கட்டரில் ஆரம்பிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.