வாய்மையே அன்பின் முதல் விரதம்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் வாய்மை இரண்டாவதாகும். வாய்மை என்றவுடன் வழக்கில் பொய்ச்சாட்சி கூறாமை, பத்திரத்தில் பொய் எழுதாமை என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளத்தில் முதன்முதலாகக் காதல் அரும்பும்போது அவ்விரதத்திற்கு அங்கே என்ன பணி என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் திருவண்ணாமலை நகரில் குடியேறிய நம் குடும்பங்கள் உண்டு. அத்தகைய ஓர் இல்லத்தில் நடந்த சுவாத்தியாயத்தின் முடிவில் ஒரு தாய் நம்மிடம் வினவினார்: “பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன், உடன் படிக்கும் பெண்ணிடம் மனம் வைத்திருக்கிறான் என்று தெரிகிறது. கேட்டால் இல்லை என்று சாதிக்கிறான். அடித்துத் திருத்துவதா அம்மா, அறியாதவர்போல் இருந்துவிடுவதா?” இஃது அவ்வன்னை ஒருவரின் வினா அன்று, பல இல்லங்களின் வினா. ஆதலின் அன்று கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

இப்பருவத்தில் இத்தகைய உணர்வு எழுவது மோகனீய கருமத்தின் உதயத்தால் ஆவது. அதனைக் கண்டு திகைப்பதற்கு ஒன்றுமில்லை. நம் திருத்தக்கதேவர் முற்றத் துறந்த முனிவர். எனினும் சீவக சிந்தாமணியில் காதலைப் பாட அவர் கூசவில்லை. 1887 ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணப் பெருமக்களிடம் ஐயம் தெளிந்தே அதனைச் செய்து முடித்தார். காதலைச் சொல்லத் தகாததாகக் கருதிய சமயம் அன்று நம் சமயம்.

அவ்வாறாயின் குற்றம் எங்கே பிறக்கிறது? மறைப்பதில் பிறக்கிறது. கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மூன்றாவது மாயை. உள்ளத்தில் ஒன்றும் சொல்லில் ஒன்றும் செயலில் ஒன்றுமாக இருப்பதே மாயை. பிள்ளையை அடித்தால் உணர்வு அடங்காது, ஒளிந்துகொள்ளும். ஒளிந்த இடத்தில் மாயை வேர்விடும். அம்மாயையின் விளைவை ஒரு பழங்கதை காட்டுகிறது.

நீலி என்றதும் பழையனூர்ப் பேயை நினைக்க வேண்டா. இவள் வேறொரு நீலி. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பிரமசரிய அணுவிரதத்திற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டும் உத்தமி. பிரபாசந்திரர் தம் உரையில் இவள் வரலாற்றை விரித்துரைக்கிறார். இன்று குஜராத்தில் பரூச் எனப்படும் பிருகுகச்ச நகரில், ஜினதத்தன் என்னும் வணிகனின் மகளாக அவள் பிறந்தாள். ஜினாலயத்தில் பூசை நாளன்று அணிகலன் பூண்டு காயோத்சர்க்கத்தில் நின்ற அவளைச் சாகரதத்தன் என்னும் வேற்றுச் சமயத்து இளைஞன் கண்டான். கண்டவுடன் மனம் பறிகொடுத்தான். உண்ணாமல் உடல் மெலிந்தான். ஜினதத்தன் தன் சமயத்தாருக்கன்றிப் பெண் கொடான் என்பதை அறிந்த அவன் தந்தை ஒரு வழி கண்டார். தந்தையும் மகனும் சிராவகர்போல் வேடம் பூண்டனர். பெண்ணை மணம் முடித்து அழைத்துச் சென்றபின் வேடத்தைக் களைந்தனர்.

பெருமக்களே, சாகரதத்தன் அப்பெண்ணைக் கவர்ந்து செல்லவில்லை; முறைப்படியே மணந்தான். அவளிடம் அன்பும் வைத்திருந்தான். ஆயினும் அவ்வன்பின் அடித்தளம் பொய். அப்பொய்யின் சுமையைச் சுமந்தவர் யார்? நீலியே. அவள் தந்தை வீட்டுக்குச் செல்லலாகாது எனத் தடுக்கப்பட்டாள். புகுந்த வீட்டாரின் பகைக்கு ஆளானாள். கணவனின் உடன்பிறந்தாள் அவள் கற்பின்மீதே பழி சுமத்தினாள். பழி நீங்கும்வரை உணவு கொள்ளேன் என்று ஜினபகவான் திருமுன் நின்றாள். எவராலும் திறக்கவியலாத நகர வாயிற்கதவு அவள் பாதம் பட்டுத் திறந்தது, பழி நீங்கியது. பொய் சொன்னவன் வீட்டிலிருக்க, நகரத்தார் அனைவர்முன்னும் தன் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியவள் பொய் சொல்லாத பெண்ணாயிற்றே! ஆண்மகன் சொல்லும் பொய்க்குப் பெண்ணே விலை கொடுக்கிறாள் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. நம் பிள்ளைகளுக்கு முதலில் உணர்த்த வேண்டுவது இதனையே.

வாய்மை விரதத்திற்கு வரும் ஐந்து அதிசாரங்களை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் தொகுத்துள்ளார். இளைஞர்களே, அவற்றை உங்கள் நிலையில் வைத்துப் பாருங்கள். முதலாவது, தவறான வழியைப் போதித்தல். “உன் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வா” என்று அவளுக்குச் சொல்லும் சொல் இதில் அடங்கும். இரண்டாவது, பிறர் மறையை வெளிப்படுத்தல். உரையாசிரியர்கள் ஆண் பெண் இருவரின் தனிமைச் செய்தியை வெளியிடுதல் என்றே இதற்குப் பொருள் கூறுகின்றனர். அவள் உன்னை நம்பி அனுப்பிய சொல்லையும் படத்தையும் கைப்பேசியில் நண்பர்க்குக் காட்டிப் பெருமை பேசுதல் இக்குற்றமே. மூன்றாவது பொய் எழுத்து. நான்காவது, அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். ஒருத்தி உன்னிடம் வைத்த நம்பிக்கையும் அடைக்கலப் பொருளே அன்றோ? ஐந்தாவது, குறிப்பால் அறிந்த பிறர் எண்ணத்தைத் தூற்றுதல். உண்மையேயாயினும் பிறர்க்குத் தீங்கு விளைக்கும் சொல் வாய்மையாகாது என்பது நம் ஆசாரியர் கருத்து. ஆகவே நேர்மை என்பது எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிடுதல் அன்று. உன் செயலை நீ ஏற்று, அவள் மானத்தைக் காத்தல்.

நம் பணிக்காலத்தில், ஒரு பள்ளியில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். ஒரு மாணவியின் கணக்கு நோட்டில் பெயரிடாத கடிதம் ஒன்று அகப்பட்டது. அவள் இடங்கொடாமல் இப்படி நடக்குமா என்று பேசினர். அவள் தந்தை படிப்பை நிறுத்தி மணம் முடித்துவிடத் துணிந்தார். எழுதிய மாணவன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தன் தந்தையிடம் உண்மையைக் கூறி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியர்முன் சென்றான். “ஐயா, எழுதியவன் நான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்டனையை எனக்குக் கொடுங்கள்” என்றான். வகுப்புத் தலைவன் பொறுப்பை இழந்தான். பலர் எள்ளி நகையாடினர். அம்மாணவியோ படிப்பைத் தொடர்ந்து தேர்வு எழுதினாள். அதன்பின் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவுமில்லை. உலகம் இதனைத் தோற்ற காதல் என்னும். அவன் அவளுக்குக் கொடுத்த ஒரே பரிசு அந்த உண்மைதான். அதனால் அவள் வாழ்வு காக்கப்பட்டது. பத்துத் தருமங்களுள் உத்தம ஆர்ஜவம் எனப்படும் நேர்மையைப் பரியூஷணப் பருவத்தில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அச்சிறுவன் அதனைச் செய்து காட்டினான்.

பெற்றோர்களே, அவன் தந்தையையும் எண்ணிப் பாருங்கள். தந்தையிடம் சொல்லலாம் என்னும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? உண்மை சொன்ன நாளில் அடி விழாத வீட்டிலிருந்து வந்தது. உண்மைக்கும் பொய்க்கும் ஒரே தண்டனை என்றால் பிள்ளை பொய்யையே தேர்வான். மகன் சொல்ல வரும்போது முதலில் முழுதும் கேளுங்கள். பிறகு எல்லையைச் சொல்லுங்கள். பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறையாமல் திருமணம் இல்லை. பதினெட்டு நிறையாதோரை 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குழந்தைகளாகவே கொள்கிறது. காத்திருத்தலும் பொறுப்பு என்பதை எடுத்துரையுங்கள். அவள் வேண்டாம் என்றால் அச்சொல்லே முடிவு என்பதையும் கற்பியுங்கள். பெண்ணைப் பெற்றோரும் மகளிடம் முதலில் உசாவுங்கள். தீர்ப்பைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, போளூர் வட்டத்தில் திருமலை உள்ளது. குந்தவை ஜினாலயம் விளங்கும் அம்மலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நேமிநாதர் பாறையில் எழுந்தருளியுள்ளார். விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மணக்கோலத்தில் சென்ற அப்பெருமான், அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, அவை தம் திருமணத்தின் பொருட்டே அடைக்கப்பட்டன என அறிந்து, தேரைத் திருப்பிய வரலாற்றைச் சொல்லுங்கள். அவர்போல் துறவு பூணுதல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் அவர் கேட்ட வினாவை எல்லாரும் கேட்கலாம்: என் மகிழ்ச்சிக்காக வேறோர் உயிர் வருந்துகிறதா? முதற்காதலின் வாயிலில் நிற்கும் ஒவ்வொரு சிறுவனும் இவ்வினாவைத் தன்னிடம் கேட்டுக்கொள்வானாயின், அவ்வுணர்வே அவனுக்கு நல்லாசிரியனாகும்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!