பெட்டியில் கிடந்த டர்போ

காரைப் பார்க்க வந்த பையன் என்னிடம் வாயைத் திறப்பதற்கு முன்பே பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். சில்லென்றிருந்தது. அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஆள் வருவதற்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்தால், முதல் ஸ்டார்ட்டில் வரவேண்டிய புகையும் தட்டல் சத்தமும் தெரியாமல் போய்விடும். விவரமான பையன்.

மெல்போர்னில் எங்கள் ஷெட்டில் பதினோரு வருடம் நின்ற கார் அது. 1995ஆம் வருடத்து நிஸான் ஸ்கைலைன், ஆர்33 ஜிடிஎஸ்-டி. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், இரண்டரை லிட்டர், டர்போ. கம்பெனி தந்தது 250 குதிரைத்திறன். எனக்கு அது போதவில்லை. பெரிய டர்போ, பம்பருக்குப் பின்னால் அகலமான இன்டர்கூலர், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சஸ்பென்ஷன், புது ஈசியு, மூன்றங்குல எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொரு போனஸும் அதற்குள்ளேயே போனது. தெருமுனையில் நான் திரும்பும்போதே மனைவி டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். அந்தச் சத்தம்தான் அவளுக்குக் காலிங்பெல்.

பையனுக்கு முழு லைசென்ஸ் கிடைத்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். விக்டோரியாவில் ப்ரொபேஷனரி லைசென்ஸ் முடியும்வரை இவ்வளவு வேகமான காரைத் தொடக்கூடாது. நாலு வருடம் கனவில் ஓட்டியிருப்பான்.

ரசீது ஃபைலைப் பெருமையாக நீட்டினேன். கூட்டிப் பார்த்தால் கார் வாங்கிய விலையை அது எப்போதோ தாண்டியிருக்கும். அவன் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி மரியாதைக்குப் புரட்டினான். பிறகு கேட்டான்: பழைய டர்போ இருக்கிறதா?

இருந்தது. ஷெட்டின் மூலையில், பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெளியே எடுத்தான். உள்ளே இருந்த சக்கரத்தை ஒரு விரலால் மெல்லச் சுழற்றினான். டர்பைன் பக்கம் பீங்கான். அழுத்தத்தைக் கூட்டினால் உடைந்து சிதறும் என்று நான் பயந்து கழற்றியது. ஒரு கீறல் இல்லை என்றதும் அவன் கண்ணில் வந்த வெளிச்சம், என் புது டர்போவைப் பார்த்தபோது வரவில்லை.

1989 முதல் 2004 வரை ஜப்பான் கம்பெனிகள் 280 குதிரைத்திறனுக்கு மேல் எந்தக் காருக்கும் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. ஆனால் எஞ்சின்களுக்குள் அதைவிட அதிகம் தாங்கும் உடம்பு இருந்தது. அந்த மிச்சத்தைத் தேடித்தான் என்னைப் போன்றவர்கள் ஸ்பானர் எடுத்தோம். இப்போது காற்று திரும்பிவிட்டது. 25 வயதான கார்களை அமெரிக்கா தாராளமாக உள்ளே விடுவதால் பழைய ஸ்கைலைன்களுக்கு உலகம் முழுக்க கிராக்கி, அதிலும் கை படாததற்குத்தான் தனி மவுசு.

விலை பேச உட்கார்ந்தபோது உறைத்தது. நான் செய்ததற்கு அவன் காசு தரவில்லை. செய்யாமல் விட்டதற்குத் தருகிறான். வெட்டாத ஃபெண்டருக்கு, துளை போடாத டாஷ்போர்டுக்கு, எறியாமல் வைத்த பெட்டிக்கு. கம்பெனி போட்ட போல்ட்டை அவனால் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியும். நான் முடுக்கியதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர என்ன சாட்சி?

கொஞ்சம் வலித்தது. ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆசையாக மாட்டிய ஸ்பாய்லரை முதல் வாரமே கழற்றிப் போட்டேன். அவர் ரசனைக்கு நான் ஒரு டாலர்கூடத் தரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, என் காரைச் செய்துகொள்ள ஒரு இடம். இவனுக்கும் அதுதான் வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெட்டியை ஏன் வைத்திருந்தேன்? “ஏங்க, இதைப் பழைய இரும்புக்குப் போடலாமா?” என்று மனைவி வருடா வருடம் கேட்பாள். “இருக்கட்டும்” என்பேன், காரணம் தெரியாமலே. இது கடைசிவரை என்னுடையதல்ல என்று எனக்குள் யாருக்கோ முதல் நாளே தெரிந்திருக்கிறது.

பேசிய விலைக்குக் கொஞ்சம் கீழே முடித்தேன். பெட்டி அவன் பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு போனது.

மறுவாரம் போன் வந்தது. எக்ஸாஸ்ட்டைக் கழற்றிவிட்டானாம், சத்தம் ஜாஸ்தியாம். திரும்ப வேண்டுமா என்று கேட்டான்.

“துடைத்து ஒரு பெட்டியில் போட்டு வைப்பா,” என்றேன். “யாராவது வந்து கேட்பான்.”