எதிராளி பொய் சொன்னால் நாமும் சொல்லலாமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நண்பர்கள் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டு, "பாய், காடி மோதின விஷயத்தில் பிழைக்கத் தெரியாமல் நடந்துகொண்டீர்களாமே?" என்று கேட்டனர். கேலியாகக் கேட்டார்களோ, அனுதாபத்தால் கேட்டார்களோ, அறியோம். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. ஆகவே எழுத முற்பட்டோம். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறாண்டு இருந்ததுமே நம் கல்வி. மீதியைக் கடைத் தராசு கற்றுக்கொடுத்தது. பிழையிருப்பின் சகோதரர்கள் பொறுத்தருள வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பினாங்கில் ஒரு மாலைப் பொழுது. மகரிபு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைச் சரக்கு விஷயமாக ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நாம் நேர் சாலையில் வந்துகொண்டிருக்க, பக்கத்துச் சந்திலிருந்து ஒரு காடி நில்லாமல் வெளியே வந்து நம் காடியின் முன்பக்கத்தில் மோதியது. அல்லாஹ்வின் கிருபையால் யாருக்கும் காயமில்லை. முன் விளக்கும், பம்பரும், ஒரு பக்கத் தகடும் நொறுங்கின.

இறங்கி வந்த வாலிபரிடம் பெயரும், அடையாளக் கார்டு எண்ணும், இன்ஷூரன்ஸ் விவரமும் கேட்டோம். அவர் எதுவும் தரவில்லை. முதலில், "இருநூறு வெள்ளி தருகிறேன், போலீஸ் வேண்டாம்" என்றார். நாம் சம்மதிக்காததைக் கண்டதும், "நீர்தான் வேகமாக வந்து மோதினீர். செய்வதைச் செய்து கொள்ளும்" என்று சொல்லிவிட்டுக் காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாம் எண் பலகையைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டோம்.

சந்து முனையில் தோசையும் வடையும் விற்கும் ஓர் ஒட்டுக்கடை உண்டு. அதை நடத்தும் அம்மையார் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர். அவரிடம் சென்று, "அக்கா, அந்தப் பையன் நில்லாமல் வந்ததைப் பார்த்தீர்களா? போலீசில் சொல்ல முடியுமா?" என்று கேட்டோம். அவர் சற்றும் தயங்காமல், "பார்த்தேன் பாய், சொல்றேன். ஆனா நீங்க லைட்டுப் போடாம வந்தீங்களே, அதையும் கேட்டா சொல்லிடுவேன்" என்றார்.

உண்மைதான். இருட்டத் தொடங்கிவிட்டது. நாம் விளக்குப் போட மறந்துவிட்டோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. எதிராளி மீது இருந்த கோபம் ஒரு பக்கம். நம் குற்றம் வெளியே வருமே என்ற பயம் மறுபக்கம். அந்த அம்மையாரைச் சாட்சியாகச் சொல்லாமல் விட்டுவிட்டால் விளக்கு விஷயம் யாருக்கும் தெரியாது. அப்படி விட்டால் வாலிபரின் சொல்லுக்கு எதிரே நம் சொல் மட்டுமே நிற்கும். சாட்சியை அழைத்தால் அவருடைய குற்றமும் வெளிவரும், நம்முடையதும் வெளிவரும். கடைக்காரனுக்கு இது புரிந்த கணக்குத்தான். சாக்கில் உள்ள அரிசியை வாங்கினால் அதிலுள்ள கல்லும் சேர்ந்தே வரும். பார்த்தவரின் சாட்சியில் நமக்குச் சாதகமான பாதியை மட்டும் நிறுத்து வாங்க முடியாது.

இங்கேதான் நாம் சொல்லவந்த கேள்வி பிறக்கிறது. ஒருவன் நமக்கு அநியாயம் செய்கிறான். மேலும் பொய்யும் சொல்கிறான். அவனுக்கு எதிரே நின்று நம் உரிமையைக் கேட்கும்போது, நாம் முழு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்களா? அல்லது அவன் பொய்யே நமக்கு ஒரு சலுகையைத் தந்துவிடுகிறதா?

தந்துவிடுகிறது என்பதே அநேகருடைய அபிப்பிராயம். "கள்ளனோடு கணக்குப் பார்க்கும்போது கள்ளக் கணக்குத்தான் எழுத வேண்டும்" என்று நம் நண்பர் ஒருவர் சொன்னார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நம் கடையில் வைத்துப் பார்த்தோம். கடன் வாங்கிய ஒருவர், "நூறு வெள்ளிதான் வாங்கினேன்" என்று பொய் சொல்கிறார். நோட்டில் நூற்றைம்பது இருக்கிறது. அவர் பொய் சொன்னார் என்பதற்காக நாம் நோட்டைத் திருத்தி இருநூறு என்று எழுதினால், அவர் தரவேண்டியது இருநூறாக ஆகிவிடுமா? தரவேண்டியது அன்றும் நூற்றைம்பது, இன்றும் நூற்றைம்பது. அவருடைய பொய் அதைக் குறைக்கவில்லை. நம்முடைய பொய் அதைக் கூட்டவும் இல்லை. கூடியது ஒன்றே: நம் நோட்டு அன்று முதல் நம்பத் தகாததாகிவிட்டது. நாளை வேறொரு நல்ல மனிதரிடம் அதே நோட்டைக் காட்டிப் பணம் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கிறது?

மேலும், போலீஸ் ரிப்போர்ட் அந்த வாலிபருக்கு நாம் எழுதும் கடிதம் அல்ல. அதைப் படிப்பவர் விசாரணை அதிகாரி. அவர் நமக்கு எந்தத் தீங்கும் செய்தவர் அல்ல. பின்னர் படிப்பவர்கள் இன்ஷூரன்ஸ் அலுவலர்கள். சேதத்தை மதிப்பிட வருபவர். அவர்களும் நம்மை ஏய்த்தவர்கள் அல்ல. ஒருவன் ஏய்த்தான் என்று நால்வரை நாம் ஏய்ப்பது எந்த நியாயத்தில் சேரும்? தனக்கே பாதகமாக வந்தாலும் சாட்சியத்தை மறைக்கக்கூடாது என்று மதரஸாவில் ஓதும்போது தலையை ஆட்டியவர்கள் நாம். அன்று நமக்குப் பாதகம் ஒன்றும் இல்லை; ஆதலால் தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

மறுநாள் காலை நிலையத்துக்குச் சென்றோம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். கேட்பவருக்கு விவரம் தரவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீசில் அறிவிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் மோதிய விதத்தைச் சொன்னோம். விளக்குப் போடாததையும் சொன்னோம். ஒட்டுக்கடை அம்மையாரைச் சாட்சியாகக் குறிப்பிட்டோம். பிறகு தெரியவந்தது, அந்த வாலிபர் நமக்கு முன்னரே வந்து, நாம்தான் அதிவேகமாக மோதினோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் ஒரு விஷயம். எதிராளி பெயர் தராவிட்டால் எல்லாம் போயிற்று என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. வண்டி எண் இருந்தால் அது எந்தக் கம்பெனியில் இன்ஷூர் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியிருக்கிறது. படங்களும், உடனடி ரிப்போர்ட்டும், சாட்சியும் இருந்தால் அவருடைய ஒத்துழைப்பு இல்லாமலே காரியம் நடக்கும். சாலையோரத்தில் ரொக்கம் வாங்கிக்கொண்டு சமாதானமாவதும், "தவறு என்னுடையது" என்று அங்கேயே எழுதிக் கையொப்பமிடுவதும் கூடாது. குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிக்க விசாரணை அதிகாரி இருக்கிறார். உண்மையாக நடந்ததைச் சொல்வது வேறு. பொறுப்பை ஏற்றுக் கையொப்பமிடுவது வேறு. அழையாமல் வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் காடியையும் காகிதங்களையும் ஒப்படைத்துவிடாமல், நம் கம்பெனியின் எண்ணுக்குப் பேசுவது நலம்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. சந்திலிருந்து வழிவிடாமல் வந்தவர் மீதே குற்றம் என்று அதிகாரி கண்டார். விளக்குப் போடாததற்காக நமக்கும் ஒரு சம்மன் கிடைத்தது.

இழப்பீடு கேட்க இரு வழிகள் உண்டு. முழுப் பாதுகாப்புப் பாலிசி உள்ளவர், குற்றம் தன்னுடையதல்ல என்று முடிவானால், தம் கம்பெனியிலேயே கேட்கலாம், கழிவு போகாது. மற்றொரு வழி, எதிராளியின் கம்பெனியில் கேட்பது. இந்தக் கழிவு என்பது சாமானியமான விஷயமல்ல. சொந்தக் காடிக்கு ஓராண்டு கிளைம் இல்லாவிட்டால் நூற்றுக்கு 25, இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 38.33, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு 55 என்று பிரீமியத்தில் கழிவு கிடைக்கும். நம் குற்றத்துக்காக ஒருமுறை கிளைம் செய்தால் அத்தனையும் போய், மீண்டும் முதலிலிருந்து ஏறவேண்டும். 45 வெள்ளி கட்டியவர் 100 வெள்ளி கட்ட நேரும். நம் பெயரிலும் சம்மன் இருந்தபடியால், எதிராளியின் கம்பெனியிலேயே கேட்பது என்று தீர்மானித்தோம். ரிப்போர்ட்டுகள், விசாரணை முடிவு, படங்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை யாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிடப்படுகிறதோ, அத்தனை நாள் காடியில்லாமல் இருந்ததற்கும் ஒரு தொகை கேட்க உரிமையுண்டு. பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டாவது சோதனை வந்தது. பட்டறைக்காரர் நமக்குப் பல வருடப் பழக்கம், நல்ல மனிதர், நம்மேல் உள்ள அன்பினால்தான் சொன்னார்: "பாய், உங்களுக்கும் சம்மன் இருக்கு. கம்பெனிக்காரன் முழுசாத் தரமாட்டான், கொஞ்சம் வெட்டுவான். பின் கதவுல அந்தப் பழைய நெளிவு இருக்குல்ல, அதையும் இதோட சேர்த்து எழுதிடுறேன். எழுநூறு வெள்ளி வரும். கணக்குச் சரியாப் போயிடும்."

அந்த நெளிவு நம் கடைத் தூணில் நாமே இடித்துக்கொண்டது.

முதல் சோதனையைவிட இதுவே நமக்குக் கடினமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறோம். முதலாவதில் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டாவதிலோ, "ஏற்கெனவே உண்மை சொல்லி நஷ்டப்பட்டோமே, அந்த நஷ்டத்தை ஈடு செய்கிறோம், அவ்வளவுதானே" என்று மனம் வாதாடியது. ஒரு நன்மையைச் செய்துவிட்டு, அதற்குக் கூலியாக ஒரு தீமைக்கு அனுமதி கேட்கும் மனம் இது. எத்தனையோ பேர் பெரிய உண்மையைச் சொல்லிவிட்டுச் சிறிய பொய்யில் விழுவது இப்படித்தான் போலும்.

"கம்பெனிப் பணம்தானே? யாருக்கு நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். கம்பெனி எங்கிருந்து கொடுக்கிறது? காடி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கட்டும் பிரீமியத்திலிருந்து கொடுக்கிறது. வாடகைக் காடி ஓட்டிப் பிழைப்பவரும், பழைய காடியில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் தாயும் அதில் அடக்கம். இந்நாட்டில் 1984ஆம் ஆண்டில் தக்காஃபுல் சட்டம் வந்ததிலிருந்து, ஒருவருக்கொருவர் உதவியாக நன்கொடைபோல் ஒரு நிதியில் பணம் போட்டுவைக்கும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. அங்கே இது இன்னும் தெளிவு. நிதியில் கிடப்பது சக மனிதர்களின் அமானிதம். பெயர் இன்ஷூரன்ஸ் ஆனாலும் தக்காஃபுல் ஆனாலும், நெளிவுக்காக எடுக்கும் எழுநூறு வெள்ளி முகம் தெரியாத பலருடைய சட்டைப் பையிலிருந்தே வருகிறது. கடையில் வேலையாள் தினம் ஒரு கைப்பிடி முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால், "தவ்க்கேக்கு இது பெரிதா?" என்றுதான் அவனும் சொல்வான். நாம் ஒப்புக்கொள்கிறோமா?

நெளிவைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பட்டறைக்காரர் சிரித்தார். அவர் சொன்னபடியே நடந்தது. பழுதுச் செலவு நாலாயிரம் வெள்ளி. எதிராளியின் கம்பெனி நூற்றுக்கு எண்பதுதான் தரமுடியும் என்றது. எண்ணூறு வெள்ளி நம் கையிலிருந்து போயிற்று. சம்மன் பணம் தனி. பின் கதவு இன்றும் நெளிந்தபடியே இருக்கிறது.

இனி, மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு யோசிப்பவர் அந்தப் பையனை மன்னித்து விட்டுவிடலாமே, ஏன் கிளைம் செய்தீர்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மன்னிப்பது உயர்ந்த குணம்தான். ஆனால் அந்த வாலிபர் நம்மிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பழியை நம்மேல் போட்டார். நமக்குச் சேரவேண்டியதைச் சட்டப்படி கேட்பது பகை ஆகாது. நாம் பேசாமல் இருந்திருந்தால், அவர் எழுதிக் கொடுத்த பொய்யே பதிவில் உண்மையாக நின்றிருக்கும். அது மன்னிப்பு அல்ல, சோம்பல். அவர்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டோம், உரிமையை விடவில்லை. நூற்றுக்கு எண்பது குறைவு என்று எண்ணியிருந்தால், முதலில் கம்பெனியிடமே முறையிட்டு, பதில் திருப்தி தராவிட்டால் 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடியிருக்கலாம். அந்த இருபது நம் விளக்குக்கான விலை என்று நமக்கே தெரிந்தபடியால், மேலே போகவில்லை.

உண்மை சொன்னதால் இன்ன லாபம் வந்தது என்று சொல்லி முடிக்கவே எவருக்கும் ஆசை. நமக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அந்த வாலிபர் திருந்தினாரா என்பதும் தெரியாது. ஒட்டுக்கடை அம்மையார் வியாபாரத்தை விட்டுவிட்டு அரை நாள் நிலையத்தில் காத்திருந்தார், அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கப் போனபோது, "பார்த்ததைச் சொன்னதுக்குக் காசா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழைக்கத் தெரியாதவர் பட்டியலில் நம்மோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தியில் காடியைக் கிளப்பும்போது முதலில் விளக்கைத்தான் போடுகிறோம். சகோதரர்களும் போடுவார்களாக, மற்றதைச் சிந்திப்பார்களாக.