அக்கா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?

பாம்பு கடித்து வருகிறவருக்கு அரசு மருத்துவமனையில் செய்யும் முக்கியமான சோதனைக்கு எந்திரம் எதுவும் வேண்டாம். புதிய, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் ஒன்று, 2 மில்லி ரத்தம், சுவரில் ஒரு கடிகாரம். குழாயை 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ தன் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். உறைந்திருந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. நாகமும் கட்டுவிரியனும் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை, இந்தக் குழாயில் சிக்காது. ஓமலூர்ப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்தப் பாம்புகளின் பெயர் குழந்தைக்கும் தெரியும்.

சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். பிளாஸ்டிக் குழாயும் ஏமாற்றும். குழாய் ஏமாற்றினால் தேவையில்லாத ஒருவருக்கு மருந்து ஏறும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. சிலருக்கு உயிருக்கே உலை வைக்கும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். அதனால், செவிலியராக வேலையில் சேர்ந்து ஒரு மாதமே ஆன பெண், "அக்கா, இந்த டியூப் புதுசா, கழுவுனதா?" என்று கேட்டால் அது ஒரு உயிரைப் பற்றிய கேள்வி. "இதெல்லாமா கேப்பாங்க, சீக்கிரம் எடு" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வியை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். அது பொட்டாசியம் குளோரைடைப் பற்றியதாக இருந்தால்? பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய அந்த மருந்தை நேராக ஊசியில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

"தெரியலைன்னா கேட்டுடு, தயங்காதே" என்று புதிய செவிலியர்களுக்குச் சொல்லாத கல்லூரி இல்லை. வார்டில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அறிவுரையால் பெரிய பயன் எதையும் நான் பார்க்கவில்லை. கேட்பவளுக்குத் தைரியம் வருவதும் போவதும் பதில் சொல்கிறவளின் முகத்தைப் பார்த்துத்தான். முதல் வாரத்தில் ஒரு 'உச்' கொட்டினால் போதும், ஒரு வருடத்துக்கான கேள்விகள் அடங்கிவிடும்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ல் மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 4 பேர், படிப்பு 6 மாதம். நான்கு பேர் என்றால் ஒவ்வொருத்தி கையையும் பிடித்துத் திருத்தலாம். இன்று சேலம், நாமக்கல் சாலைகளில் நர்சிங் கல்லூரி போர்டைப் பார்க்காமல் பத்து கிலோமீட்டர் போவது கஷ்டம். பி.எஸ்சி. 4 வருடம் என்றாலும், ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று எட்டிப் பார்த்துக் கற்ற வித்தைதான் பலருக்கும். மீதியை வேலையில்தான் கற்றாக வேண்டும். கற்றுத்தர வார்டில் இருக்கிற அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை.

அந்த அக்காவின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1984-ல் வெளியிட்ட நூலில், புதியவர் தேர்ந்தவராக மாறுவதை ஐந்து படிகளாக விவரித்தார். கடைசிப் படிக்குப் போனவருக்குத் தான் எப்படி அறிகிறோம் என்பதை எடுத்துச் சொல்ல வராது என்கிறார். உண்மைதான். "ஏன்னு தெரியல, இந்தப் பேஷண்ட் சரியில்ல, டாக்டரைக் கூப்பிடு" என்பாள் சீனியர். பார்த்தால் அரைமணி நேரத்தில் பிரஷர் இறங்கும். அவளே பிரசவ வார்டிலிருந்து டயாலிசிஸுக்கு மாற்றலாகிப் போனால் முதல் படியில் நிற்பாள், அங்கிருக்கும் சின்னப்பெண்ணிடம் கேட்பாள். எல்லா சீனியரையும் ஒருமுறை அப்படி மாற்றிப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

கேட்க ஆளே இல்லாத இடமும் உண்டு. தமிழ்நாட்டில் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களை மூன்று செவிலியரைச் சுழற்சி முறையில் போட்டு நடத்தினார்கள். ராத்திரி டியூட்டியில் ஒருத்தி, வலியெடுத்த தாய் ஒருத்தி. சந்தேகம் வந்தால் கையில் போன் மட்டும்தான். பழைய வார்டு அக்காவை இரண்டு மணிக்கு எழுப்பி, "அக்கா, பயமா இருக்கு" என்றால் அந்த முனையில் இருப்பவள் என்ன செய்வாள்? பல்ஸ் இவ்வளவு, பி.பி. இவ்வளவு, ரத்தம் இவ்வளவு போயிருக்கிறது, இந்த மருந்து கொடுத்திருக்கிறேன், 108-ஐக் கூப்பிடவா என்று கேட்டால் மறுநொடி பதில் வரும். இப்படிக் கேட்பதைச் சொல்லித்தர முடியும், சொல்லித்தரவும் வேண்டும். தூக்கக் கலக்கத்திலும் சலிக்காமல் போனை எடுக்கிற அக்காக்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்; எந்த அரசாணையிலும் அவர்களுக்குப் பெயர் கிடையாது.

நோயாளியோடு வருகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியைக் குத்தி ரத்தக்குழாய் கிடைக்கவில்லை என்றால் உடனே, "குத்தத் தெரியாத புள்ளைய எதுக்குமா வச்சிருக்கீங்க?" என்று வார்டே கேட்கக் கத்துகிறோம். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் அவள் மூன்றாவது முறையும் தானே குத்துகிறாள். இரண்டு முறைக்கு மேல் ஒருவரே முயலக் கூடாது, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது பல மருத்துவமனைகளில் விதி. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சீனியரைக் கூட்டிட்டு வர்றேங்க" என்று சொன்னால் அந்த விதிப்படிதான் நடக்கிறாள். சத்தம் போடாமல் அவளுக்கு வழிவிடுங்கள்.