தாமதத்தின் விலை

“நான் இரட்சிக்கப்பட்டுட்டேன்” என்று சபையில் சாட்சி சொன்ன இரவே அப்பா அம்மாவை அடித்தார். வேஷம் என்றே நினைத்தேன். பிறகு ஜான் நியூட்டனைப் பற்றிப் படித்தேன். 1748இல் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளை நோக்கிக் கதறி மனம் திரும்பியவர், அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல் ஓட்டினார். 1754இல் நிறுத்தியதுகூட உடம்பு முடியாமல்தான். அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதியது 1788இல். நாற்பது வருடம்!

இரட்சிப்பு கிருபையால் வருவது; மனுஷன் மெதுவாத்தான் மாறுவான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தது யார்? கப்பலின் அடித்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்கள். எங்கள் வீட்டில், அம்மா.

அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்ன பிறகுதான், அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு.

அப்பா இப்போது அடிப்பதில்லை. “ஆண்டவர் மன்னிச்சிட்டாரு” என்கிறார். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.